பச்சைத் தண்ணீர் வந்த புதன்கிழமை

லெக்சிங்டன்
அக்டோபர் 9, 2018

அக்கா ஓர்லீனாவுக்கு,

உன் தம்பி எஸ்டில் எழுதுவது. என் குரலைக் கேட்டதும் நீ போனை வைத்துவிடுவதால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தைக் கிழிக்கலாம், ஆனால் முதல் இரண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும்.

மே மாதம் கல்லறைகளுக்குப் பூ வைக்க ஊர் கூடிய கல்லறை மேட்டு விருந்தில் உன் கோழிக் குழம்புக்குள் நான் வெப்பமானியைச் செருகியதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. பாரன்ஹீட்டில் நூற்றுப் பன்னிரண்டு டிகிரி காட்டியது. நூற்று முப்பத்தைந்து இருக்க வேண்டும். பத்து வருடமாக ஓட்டல்களைச் சோதனை போடுகிறவன் கை சும்மா இருக்காது. ஊரார் எதிரில் அதை உரக்கப் படித்தது மட்டும் தவறு.

விஷயத்துக்கு வருகிறேன். பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். நான்கு பல்கலைக்கழகங்கள். இனியும் எலிப்புழுக்கையை எண்ணிக்கொண்டே காலம் தள்ள முடியாது. எனக்கு வேண்டியது கிழக்குக் கடற்கரையில் இருக்கும் அந்தப் பெரிய பல்கலைக்கழகப் பள்ளி ஒன்றுதான். மற்ற மூன்றும் ஒரு பாதுகாப்புக்கு. அந்தக் கடற்கரைப் பள்ளி மட்டும், சொந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்தும் சிபாரிசு கேட்கிறது. கில்லி ஓடையில் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் செத்துவிட்டார்கள், மீதிப்பேருக்கு என்னைப் பிடிக்காது. உனக்கும் பிடிக்காது, ஆனால் நீ அக்கா.

என் கட்டுரையை நூலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். நூலகத்தில் இருக்கும் பெண்ணைப் படித்துக்காட்டச் சொல். சிபாரிசையும் அவளே கணினியில் ஏற்றித் தருவாள். நீ என்ன எழுதினாய் என்று கேட்கமாட்டேன் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டத்துக்குள் குறி போட்டுக் கொடுத்திருக்கிறேன். டிசம்பர் முதல் தேதிக்குள் போக வேண்டும்.

எஸ்டில்


கில்லி ஓடை
அக்டோபர் 22

எஸ்டிலுக்கு,

அக்கா எழுதுறேன். பேசுற மாதிரிதான் எனக்கு எழுத வரும். உன் மாதிரி ஆபீஸ் நோட்டீஸ் எழுத எனக்குத் தெரியாது.

மொதல்ல அந்தக் குழம்பு. நாப்பது பேரு சாப்பிட்டாங்க. ஒருத்தன் வயித்தப் புடிச்சிக்கிட்டு ஓடல. பாதிரியார் பொண்டாட்டி கொண்டாந்த சோள ரொட்டி ஆறு மாசமா அவ வீட்டு ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்திருந்த மாதிரி இருந்துச்சு, அதுல போய்க் குத்தியிருக்கலாம்ல. மாட்ட. அவ புருஷன் கூட்டத்துல உன் பேரச் சொல்லி ஜெபம் பண்ணுவான். அக்கா குழம்புன்னா இளக்காரம்.

நான் சமைக்கிற பள்ளிக்கூடச் சமையக்கட்டுலயும் போன வருஷம் ஒருத்தி வந்தா, உப்பக் கொறைக்கச் சொல்லி. மூணு நாள் புள்ளைங்க அவரைய அப்படியே பன்னி வாளில கொட்டுச்சுங்க. நாலாம் நாள் பன்னியும் திங்கல. அவளும் உன்ன மாதிரி இந்தப் படிப்புதான் படிச்சவளாம்.

கட்டுரைய நூலகத்துப் பொண்ணு நெல்டா படிச்சா. "குரலற்ற என் மக்களின் குரலாக" அப்படின்னு வந்த எடத்துல அவளுக்கே சிரிப்பு தாங்கல. "ஓர்லீனாக்கா, ஒங்களுக்குக் கொரல் இல்லியாம்"ன்னா. "மே மாசம் கல்லற மேட்டுல நான் கத்துனது அடுத்த கவுண்டிக்குக் கேட்டுச்சுன்னு அவனுக்கு எழுது"ன்னேன். யாரு வாயில்லாதவங்க? உனக்குத்தான் காது இல்ல.

அப்புறம் அந்தக் காமாலைக் கத வந்துச்சு. தொண்ணூத்தி மூணு. பச்சத் தண்ணி. ஆர்வில் மாமா.

எஸ்டில், அத மட்டும் எடுத்துடு. வேற ஏதாச்சும் எழுது. ஒனக்கா கத இல்ல? மூணாங்கிளாஸ்ல நீ பல்லி முழுங்குனத எழுது. நான் காரணம் சொல்லப் போறதில்ல. எடுத்துடு.

ஓர்லீனா


லெக்சிங்டன்
நவம்பர் 5

அக்காவுக்கு,

எடுக்க முடியாது. என் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

என்னோடு போட்டி போடுகிறவர்கள் யாரென்று உனக்குத் தெரியுமா? இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். கோடை விடுமுறையில் அப்பா டிக்கெட் எடுத்துக் கொடுக்க, எங்கோ ஒரு கிராமத்துக்குப் போய்ப் பத்து நாள் கிணற்றடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள். அந்தப் படத்தில் மண்வெட்டி புதிதாகப் பளபளக்கும். அதை வைத்து இரண்டு பக்கம் எழுதுவார்கள். நான் உண்மையாகவே காமாலை வந்த ஓடையில் வளர்ந்தவன். அதை நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

அதில் ஒரு வரி பொய் உண்டா, சொல். அந்தக் கோடையில் ஓடையின் கீழ்ப்பக்க வீடுகளில் பதினொரு பேர் மஞ்சளாகிப் படுத்தார்கள். பாலத்தடி வீட்டு வெர்டி மெஸ்ஸர் மூன்று மாதம் எழவில்லை. எந்த வீட்டுக் கக்கூஸ் ஓடையில் கலக்கிறது என்று பார்க்க சுகாதார இன்ஸ்பெக்டர் வீட்டுக்கொரு சாயப் பொட்டலமும் ஒரு தேதியும் கொடுத்தார். நமக்குச் செவ்வாய், ஓடையில் நமக்கு அடுத்த மேல்பக்க வீடான ஆர்வில் டாக்கெட்டுக்குப் புதன். கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஓடை பச்சையானால் அந்த வீடுதான். செவ்வாய் ஓடை தெளிவாக ஓடியது. புதன்கிழமை மெஸ்ஸர் வீட்டு மரப்பாலத்தில் நின்றுகொண்டிருந்த நான்தான் பச்சையை முதலில் பார்த்தேன், ஓடிப்போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். எனக்குப் பத்து வயது. அன்று என் தலையில் கை வைத்த அந்த மனிதர் மாதிரி ஆக வேண்டும் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன். கட்டுரையில் அவ்வளவுதான் இருக்கிறது. டாக்கெட் பெயரைக்கூடப் போடவில்லை, "மேல்வீட்டுக்காரர்" என்றுதான் எழுதினேன். அந்த ஆள்மேல் உனக்கென்ன அப்படி ஒரு இரக்கம்?

உப்பைக் குறைக்கச் சொன்னவள் சொன்னது சரி.

எஸ்டில்


கில்லி ஓடை
டிசம்பர் 3

எஸ்டிலுக்கு,

சிபாரிசு போயிடுச்சு. நெல்டா தட்டுனா, நான் பக்கத்துல உக்காந்து சொன்னேன். என்ன சொன்னேன்னு நீ கேக்கக் கூடாது, எழுதிக் குடுத்திருக்க. ஆனா நான் சொல்லக் கூடாதுன்னு எங்கயும் எழுதல.

"விண்ணப்பதாரரை எவ்வளவு காலமாகத் தெரியும்?" பொறந்ததுலேர்ந்து, மொத அழுகையே நான்தான் கேட்டேன்னு போடச் சொன்னேன். "உங்களுக்குத் தெரிந்தவர்களில் இவர் நூற்றில் முதல் ஐந்து பேரிலா, பத்து பேரிலா, இருபத்தைந்து பேரிலா?" இத யாரு கண்டுபுடிச்சா? எங்கம்மாவுக்கு மூணு புள்ள, ஒண்ணு தொட்டில்லயே போயிடுச்சு, அதனால ரெண்டுல ஒண்ணுன்னு போடுன்னேன். கட்டத்துல அது ஏறாதுன்னு நெல்டா சொன்னா. அப்படின்னா அவளே ஒண்ணு போட்டுக்கட்டும்னு விட்டுட்டேன். "தலைமைப் பண்பு" அப்படின்னு ஒரு கேள்வி. அவன் சொன்னா நாய் கூடக் கேக்காது, ஆனா சொல்லுறத நிறுத்தமாட்டான்னு சொன்னேன். நெல்டா அத "விடாமுயற்சி"ன்னு அடிச்சா. படிச்ச பொண்ணு.

கட்டுரையில இருக்குற அந்தப் பச்சத் தண்ணி நெசமான்னும் ஒண்ணு கேட்டிருந்தாங்க. மொதல்ல பாத்தது என் தம்பிதான்னு எழுதுனேன். அது பொய் இல்ல. அதுக்கு மேல ஒரு வார்த்த எழுதல.

இங்க பனி கொட்டுது. ஆர்வில் மாமா போன வாரம் மறுபடியும் தன் கக்கூஸ் தொட்டியத் தோண்டுனாரு. எழுவது வயசு, தரை இறுகிக் கெடக்கு, கடப்பாரையால குத்திக் குத்தி எடுக்குறாரு. ஒனக்கு எதுக்கு இது. படிச்சு முன்னுக்கு வா.

ஓர்லீனா


லெக்சிங்டன்
மார்ச் 12, 2019

அக்காவுக்கு,

முடிவுகள் வந்துவிட்டன. ஒன்று மறுத்துவிட்டது. இணையத்தில் நடத்தும் ஒன்று விண்ணப்பம் போன மறுநாளே சேர்த்துக்கொண்டது. ஆள் மூச்சு விடுகிறானா என்று மட்டும் பார்ப்பார்கள் போல. நம் மாநிலப் பள்ளி இடம் தந்திருக்கிறது, கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும். கடற்கரைப் பள்ளி இடமும் தந்து, முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்திருக்கிறது. ஏப்ரல் பதினைந்துக்குள் எதையாவது ஒன்றைச் சொல்ல வேண்டும்.

போன வாரம் இரண்டையும் போய்ப் பார்த்தேன். கடற்கரையில் கண்ணாடிக் கட்டடம். கழுத்தில் பெயர் அட்டை மாட்டிவிட்டார்கள். மத்தியானச் சாப்பாடு என்று ஒரு தட்டில் மூன்று இலையும் அரை முட்டையும் வந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "உங்க ஊர்ல ஆட்கள் தண்ணியக் கொதிக்கவெச்சுக் குடிக்கிறாங்களா?" என்று கேட்டாள். "இல்ல, அப்படியே மென்னு திங்குறோம்" என்றேன். அதையும் குறித்துக்கொண்டாள். சேர்க்கைப் பொறுப்பில் இருக்கும் வின்ஸ்லோ அம்மையார் என் கையை விடவே இல்லை. என் கட்டுரையைக் குழுவில் எல்லோரும் படித்தார்களாம், இரண்டு பேர் அழுதார்களாம். வரவேற்பு விழாவில் நான் மேடையில் அதைச் சொல்ல வேண்டும், அந்த மேல்வீட்டைப் படம் எடுத்துத் தர வேண்டும் என்றார். உன்னோடும் பேசுவார்.

மாநிலப் பள்ளியில் சுவரெல்லாம் ஈரம். சட்டையில் குழம்புக் கறையோடு ஒரு பேராசிரியர் வந்தார். கட்டுரையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "எத்தன கடைய மூடுன? அதுல எத்தன திரும்பத் தொறந்தான்? தொறந்தவன் திருந்துனானான்னு போய்ப் பாத்தியா?" என்றார். முதல் இரண்டுக்கும் எண் சொன்னேன், மூன்றாவதற்குப் பேச்சை மாற்றினேன். அந்த ஆள் கொட்டாவி விட்டார்.

எதை எடுப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

எஸ்டில்


கில்லி ஓடை
மார்ச் 25

எஸ்டிலுக்கு,

இந்தக் கடுதாசிய உக்காந்து படி.

அந்த வின்ஸ்லோ பொம்பள எங்க பள்ளிக்கூடச் சமையக்கட்டுக்கே போன் போட்டா. நான் எரநூறு பேருக்கு அவரை வேகவெச்சிட்டிருக்கேன். தேன் ஒழுகுற கொரலு. என் அனுபவத்துக்கு நன்றியாம். எந்த அனுபவம்னு கேட்டேன். சிரிச்சா. அப்புறம், "ஓடைய அசுத்தம் பண்ண அந்த மேல்வீட்டுக்காரர் இப்ப எப்படி இருக்காரு? மனம் திருந்துனாரா?"ன்னா. மனம் திருந்துனாரான்னு கேக்குறா எஸ்டில். கரண்டிய வெச்சிட்டு வெளிய போய்ப் படியில உக்காந்துட்டேன். அடுப்புல இருந்த அவரை அடி புடிச்சிருச்சு. அன்னிக்குப் புள்ளைங்களுக்கு வெறும் ரொட்டி.

ஆர்வில் மாமா தொட்டி நல்ல தொட்டி. அன்னிக்கு வந்த பச்ச நம்ம வீட்டுது.

நம்ம கக்கூஸ் குழாய் அப்ப கல்லுக்கு அடியில நேரா ஓடையிலதான் விழுந்துச்சு. அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் டவுன்காரன். பொட்டலத்தக் குடுத்து நீங்களே ஊத்திக்குங்கன்னு சொல்லிட்டுக் கீழ மெஸ்ஸர் பாலத்தத் தாண்டி ரோட்டுல போய் நின்னான். இந்த ஓடையில எவனும் சர்க்கார் ஆளக் கக்கூஸ் வரைக்கும் விடமாட்டான்னு அவனுக்கும் தெரியும், அதான் கேக்கல. செவ்வாக்கெழம காலைல நான் பொட்டலத்தப் பிரிக்கப் போனேன். அப்பா வாசக்கால்ல நின்னுக்கிட்டு, "நாளைக்கு ஊத்தும்மா"ன்னாரு. அவ்வளவுதான். குரல் கூட ஒசத்தல. பொட்டலம் ஒரு நாள் பூரா என் ஏப்ரன் பையில கெடந்துச்சு. மறுநாள், ஆர்வில் மாமாவோட தேதியில, ஊத்துனேன். கொஞ்ச நேரத்துல கீழ நீ கத்துறது கேட்டுச்சு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுதுன்னு இத்தன வருஷமா எனக்கே சொல்லிக்கிட்டேன். இல்ல. செவ்வாக்கெழமயே புரிஞ்சுது. எனக்கு இருபத்திரண்டு வயசு, கொழந்த இல்ல.

அடுத்த வருஷம் புதுக் கக்கூஸ் கட்டுறேன்னு அப்பா சத்தமில்லாம தொட்டி போட்டாரு. சீக்கு நின்னுபோச்சு. ஆர்வில் மாமாவும் தன் தொட்டியத் தோண்டிப் பூசுனதால எல்லாரும் அதான்னு நம்பிட்டாங்க.

கல்லற மேட்டு விருந்துக்கு ஆர்வில் மாமா என்ன கொண்டாருவாருன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா? கடையில வாங்குன சிப்ஸ் பொட்டலம், பிரிக்காம. காகிதத் தட்டு. இருபத்தஞ்சு வருஷமா அவ்வளவுதான். அவரு வீட்டுச் சமையல எவனும் தொடமாட்டான்னு அவருக்கே தெரியும். நீ வெப்பமானியோட அந்த மேசையச் சுத்தி வந்தப்போ அவரு பொட்டலத்துப் பக்கம் திரும்பிக் கூடப் பாக்கல.

அந்தப் போன் வந்த சாயங்காலமே அவரு வீட்டுக்குப் போனேன். கதவுல நின்னுக்கிட்டே சொல்லிட்டேன். அவரு கைய சட்டையில தொடச்சிக்கிட்டாரு. அப்புறம், "நாலு தடவ தோண்டுனேன் ஓர்லீனா. நாலு தடவையும் ஒரு விரிசல் இல்ல. எனக்குப் பாக்கத் தெரியலன்னு நெனச்சேன்"ன்னாரு. அந்தச் சீக்கு தன்னாலதான்னே அவரு நம்பிக்கிட்டிருந்தாரு, எஸ்டில். நம்ம அப்பா மேல கோவமா இருப்பாருன்னுதான் நெனச்சிப் போனேன். அவரு இத்தன நாளும் கோவப்பட்டது அவரு மேலயே.

என்ன வேணும்னு கேட்டேன். "கவுண்டி சுகாதார ஆபீஸ்ல ஒரு காகிதத்துல என் பேரு இருக்கு. அத எடுக்கணும்"ன்னாரு. உள்ள வான்னு கூப்பிடல.

ஓர்லீனா


லெக்சிங்டன்
ஏப்ரல் 3

ஓர்லீனாவுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

இருபத்தைந்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு இன்னும் மூன்று வாரம் மூடிக்கொண்டிருக்க முடியவில்லையா? அக்டோபரிலேயே சொல்லியிருக்கலாம். "பல்லியை எழுது" என்றாய். நான் கத்தியது நம் வீட்டுக் கழிவைப் பார்த்துத்தான் என்று அன்றே தெரிந்தவள், என்னை இந்த வேலைக்குப் போகவிட்டு, ஊர் ஊராய்ப் போய் மற்றவன் சமையலறையில் குற்றம் கண்டுபிடிப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். அப்பா கல்லறையில் போன வருடம் பூ வைத்தது நான்.

உன் கடிதம் வந்து நான்கு நாள் கழித்து வின்ஸ்லோவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். இடத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், ஒரு தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். பேனாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எஸ்டில், இது இன்னும் ஆழமா இருக்கு. இப்பத்தான் கதை முழுசாச்சு" என்றார். குடும்பத்தின் உடந்தை, தலைமுறைக் குற்ற உணர்வு என்று ஏதேதோ சொன்னார். டாக்கெட்டும் என்னோடு மேடையில் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும், பயணத்துக்கு அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். கட்டுரையைத் திருத்தி அனுப்பினால் போதும்.

டாக்கெட்டைக் கேட்டுச் சொல். பதினைந்தாம் தேதி ஞாபகம் இருக்கட்டும்.

எஸ்டில்


கில்லி ஓடை
ஏப்ரல் 9

எஸ்டிலுக்கு,

திட்டு. திட்ட வேண்டியதுதான். ஆனா சிரிச்சேன்னு மட்டும் சொல்லாத.

நீ சொன்னத ஆர்வில் மாமாகிட்டச் சொன்னேன். வெக்கமாத்தான் இருந்துச்சு. அவரு வெறகுக்கட்ட மாதிரி காஞ்ச கைய வெச்சு பீன்ஸ் விதை பொறுக்கிக்கிட்டிருந்தாரு. இந்தத் தடவ உக்காரச் சொன்னாரு.

"மேடைல என்ன சொல்லணுமாம்?"

"நடந்தத."

"என் தொட்டி நல்ல தொட்டின்னா?"

"ஆமா மாமா."

"அத அவுங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? அவுங்களா எங்கிட்டத் தட்டு வாங்காம இருந்தாங்க? அத வெர்டி மெஸ்ஸர் வீட்டுல சொல்லணும்." அப்புறம் ஒரு சொத்த விதையத் தூரப் போட்டுட்டு, "உன் தம்பி சின்ன வயசுல நல்லா ஓடுவான். இப்பயும் அப்படித்தான் போலருக்கு"ன்னாரு.

அவ்வளவுதான் அவரு பதிலு. என் பதிலு வேணும்னா இது. நீ அங்க போறதுன்னா போ. அந்தக் கண்ணாடி வீட்டுல ரெண்டு பேரு அழுதாங்கன்னியே, இன்னும் நாலு பேர அழவை. ஆனா ஆர்வில் மாமாவத் தூக்கிக்கிட்டுப் போய் அத வாங்காத. ஒரு தடவ அவரு பேர வெச்சு நம்ம வீட்டக் காப்பாத்தியாச்சு. ரெண்டாவது தடவ அதே பேர வெச்சுப் படிப்பா? நான் பண்ணது ஒரு பொட்டலம். எனக்கு அப்பா வாசல்ல நின்னாரு. ஒன் வாசல்ல யாரு நிக்குறா?

ஓர்லீனா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

இதைக் கவுண்டி சுகாதார அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் ஊருக்கு இருபது மைலில் இருந்தும் வீட்டுக்கு வரவில்லை. உன்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதே.

காலையில் வின்ஸ்லோவுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். நல்லவனாகிவிட்டேன் என்று நெல்டாவிடம் சொல்லிக்கொண்டு திரியாதே. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே திருத்திய கட்டுரையை எழுதி முடித்திருந்தேன். மூன்றாவது பத்தி நன்றாக வந்திருந்தது. அப்பா வாசற்காலில் நிற்பதை அவ்வளவு அழகாக எழுதியிருந்தேன், எனக்கே கண் கலங்கியது. அந்த அழுகை எவ்வளவு சுகமாக இருந்தது என்பதைப் பார்த்துத்தான் பயந்தேன். வின்ஸ்லோவிடமிருந்து ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது, என் பயணத்துக்கு வாழ்த்தாம். காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பிள்ளைக்கு இந்நேரம் போன் போயிருக்கும்.

மாநிலப் பள்ளிக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். வேலையை விடாமல் மாலை வகுப்பில் படிக்கலாம். அந்தக் கறைச்சட்டைப் பேராசிரியருக்கு, கட்டுரையில் ஒரு தவறு இருக்கிறது, இதுதான் தவறு என்று எழுதியிருந்தேன். "கவுண்டிக் கோப்பைத் திருத்திவிட்டு வா" என்று ஒரே வரி வந்தது.

அதற்குத்தான் வந்திருக்கிறேன். இங்கே கவுன்டரில் இருக்கும் அம்மாள் தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோப்பைத் தேடவே இரண்டு மணி நேரம் எடுத்தாள். "இத்தன வருஷத்துக்கு அப்புறம் எவன் கேட்டான்?" என்றாள். "டாக்கெட் கேட்டார்" என்றேன். "செத்துட்டாருன்னுல்ல நெனச்சேன்" என்றாள். கோப்பில் ஒரே ஒரு தாள். ஓடையை அசுத்தம் செய்த வீடு: ஆர்வில் டாக்கெட். கண்டவர்: பாலத்தில் நின்ற சிறுவன். என் பெயர்கூட இல்லை.

திருத்தப் படிவம் இரண்டு பக்கம். சரியான வீட்டுக்காரர் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதினேன். அவருக்கு மனுதாரர் என்ன உறவு என்று கேட்டிருந்தது. மகன் என்று எழுதினேன். ஒரு பிரதி ஆர்வில் மாமாவுக்கு, ஒரு பிரதி வெர்டி மெஸ்ஸருக்கு. வெர்டியிடம் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக மாமா போனில் சொன்னார். என்னிடம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

சாயத்தை ஊற்றியவர் நேரில் வந்து எழுதிக் கொடுக்காமல் படிவத்தை ஏற்க மாட்டார்களாம். அந்த இடம் காலியாக இருக்கிறது. நான் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை இங்கே வந்திருக்கும் உங்கள் பள்ளி வண்டி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன், சமையற்கட்டுக்கு மத்தியானத்துக்குள் வந்துவிடும். நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். ஏப்ரனைக் கழற்றாமல் வந்தாலும் பரவாயில்லை.

எஸ்டில்